நண்பருக்கு முதலில் எந்த அங்கத்தைக் காட்டுவது?

ஒரு தொடரின் மிகச் சிறந்த அங்கம் எது என்பதும், அந்தத் தொடரைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்கு முதலில் காட்டத்தக்க அங்கம் எது என்பதும் இரு வேறு கேள்விகள். பி.பி.சி. தயாரித்த ‘றெட் டுவோர்ஃப்’ என்னும் விண்வெளி நகைச்சுவைத் தொடரைக் கிளிநொச்சியிலும் பரந்தனிலும் உள்ள சிலருக்கு அறிமுகப்படுத்தியதில் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்துகொண்டேன். முதல் கேள்விக்கான விடையைத் தொடரை முழுவதும் பார்த்தவர் எவரும் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு விடை காண்பதற்கு, பார்க்கப்போகிறவரைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதே முக்கியமாகிறது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். றொப் கிறான்ற், டக் நெய்லர் ஆகிய இருவரும் சேர்ந்து உருவாக்கிய இத்தொடரின் முதல் அங்கம் 1988 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பாகியது. 1993 வரையில் ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஆறு அங்கங்கள், அங்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணித்தியாலம். அதன்பின் 1997 இலிருந்து 2020 வரையில் இடைவெளி விட்டு விட்டு மேலும் பல அங்கங்கள் வந்தன. கதை எளிமையானது. றெட் டுவோர்ஃப் என்னும் மாபெரும் சுரங்கக் கப்பலுக்குள் ஒரு பூனையைக் களவாகக் கொண்டுவந்த லிஸ்ரர் என்னும் தொழிலாளி, தண்டனையாகக் காலம் நகராத அறை ஒன்றில் அடைக்கப்படுகிறான். அந்த நேரத்தில் கதிரியக்கக் கசிவினால் கப்பலில் இருந்த மற்ற அனைவரும் இறந்துவிடுகிறார்கள். கதிரியக்கம் தணியும்வரை அவனை வெளியே விடாமல் காத்திருந்த ஹொலி என்னும் கப்பற்கணினி, 30 இலட்சம் ஆண்டுகள் கழித்து அவனை எழுப்புகிறது. எஞ்சியிருக்கும் கடைசி மனிதன் அவன். அவனுக்குத் துணையாக, உயிரோடிருந்த காலத்தில் அவனுக்குச் சற்றும் பிடிக்காத அறைத்தோழன் றிம்மரை ஹொலோகிராம் என்னும் ஒளியுருவில் கணினி மீட்டெடுத்துத் தருகிறது. அந்தப் பூனையின் வழித்தோன்றலாகப் பரிணமித்து மனித உருவில் திரியும் ஒருவனும் கப்பலில் இருக்கிறான். அவனுக்குப் பெயரே ‘பூனை’தான். மூன்றாம் தொகுதியிலிருந்து கிறைற்றன் என்னும் பணிவிடை இயந்திரமனிதன் நிரந்தரமாக இவர்களோடு சேர்ந்துகொள்கிறான்.

இத்தொடர் எனக்குக் கிடைத்தது லண்டனில் வளர்ந்த பெறாமகன் ஒருவன் மூலம். ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், வன்தட்டு ஒன்றில் அத்தனை தொகுதிகளையும் ஏற்றிக்கொண்டுவந்து என் மடிக்கணினியில் இறக்கிவிட்டுப் போனான். வந்திருந்த நாட்களில் ஒருநாள் மாலை, வீட்டுக்கு வந்திருந்த அயலவர் சிலருக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டவேண்டும் என்று விரும்பினான். “சித்தப்பா, இதுதான் பெஸ்ட், இதைப் போடுங்கோ” என்று அவன் தெரிவுசெய்தது ஐந்தாம் தொகுதியின் கடைசி அங்கமான ‘பாக் ரு றியாலிற்றி’. 1992 இல் வெளியான அந்த அங்கத்தை மிகச் சிறந்தது என்று சொல்லும் இரசிகர்கள் ஏராளம். இன்று நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அன்று கூடத்தில் இருந்தவர்கள் மரியாதைக்காக இருந்து பார்த்தார்களேயொழிய, சிரித்தவன் பெறாமகன் மட்டுந்தான்.

அதற்கான காரணம் அந்த அங்கத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதில் நால்வரும் இறந்துவிட்டதாகக் காட்டப்படுகிறார்கள். பின்னர் ஒரு விளையாட்டு நிலையத்தில் கண்விழிக்கிறார்கள். இத்தனை காலமும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை ஒரு கணினி விளையாட்டு மட்டுமே என்றும், உண்மையில் அவர்கள் வேறு ஆட்கள் என்றும் அங்கே அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அழகிலும் உடுப்பிலும் பேராசை கொண்ட பூனை, தான் உண்மையில் முன்பல் துருத்திய, எவ்வித நாகரிகமும் அறியாத ஒருவன் என்று காண்கிறான். பூனையின் தற்பெருமையை அதற்கு முந்திய பல அங்கங்களில் கண்டு சலித்து இரசித்தவருக்கு அந்தக் காட்சி வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கோ பல் துருத்திய ஒருவன் திரையில் வந்து நிற்கிறான், அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தைத் தலைகீழாக்கும் நகைச்சுவை, அப்பாத்திரம் நேராக நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கே உரியது. நெடுங்காலம் ஓடிய தொடர்களின் புகழ்பெற்ற அங்கங்கள் பெரும்பாலும் இவ்வகையானவை என்பதால், இணையத்தில் கிடைக்கும் தரவரிசைப் பட்டியலின் உச்சியில் உள்ளதை எடுத்துப் போடுவது புதியவருக்குப் பயன் தராது. இதே அங்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தனக்கு ஆளானவர்களை உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு மனச்சோர்வுக்குள் தள்ளும் நஞ்சு ஒன்று அதன் கதைக்கு அடிப்படையாக உள்ளது. எங்கள் பகுதியில் எந்த வீட்டில் எந்தத் துயரம் இருக்கிறது என்பது எல்லா வேளைகளிலும் வெளியே தெரிவதில்லை. ஆகவே எந்த அங்கத்தையும் முதலில் தனியே பார்த்துவிட்டு, அதன்பின் பிறருக்குக் காட்டுவதே முறை என்று கருதுகிறேன்.

அப்படியானால் முதல் அங்கத்திலிருந்தே தொடங்கிவிடலாமே என்று எவரும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தொடர்கதையாக நீளும் நாடகங்களுக்கு அதுவே ஒரே வழியும்கூட. ஆனால் ஒவ்வொரு அங்கமும் தன்னளவில் முடிந்துவிடும் நகைச்சுவைத் தொடருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘த எண்ட்’ என்னும் முதல் அங்கம், கப்பலில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் காலத்தைக் காட்டுவதிலேயே தன் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. கதையின் உண்மையான நிலைமை இறுதிப் பகுதியில்தான் பிறக்கிறது. முதலிரு தொகுதிகளின் அரங்கமைப்பும் சாம்பல் நிறச் சுவர்களாலேயே ஆனது. இன்றைய விண்வெளிப் படங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது வறுமையாகத் தோன்றும். பாத்திரங்களின்மேல் பிரியம் பிறந்தபின் அந்தச் சாம்பல் நிறமே ஓர் அழகாகத் தெரியும் என்பது வேறு விடயம்.

என் பால்ய நண்பர் ஒருவர் பரந்தனில் உழவு இயந்திரங்கள் திருத்தும் கராச் வைத்திருக்கிறார். சில ஆண்டுகள் கட்டாரில் வேலை செய்தவர் என்பதால் ஆங்கிலம் காதுக்குப் பழக்கம். தொலைக்காட்சியில் அவருக்கு ஈடுபாடு குறைவு. அவர் வளர்ந்தது வானொலியோடு. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இருக்கவில்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தியும் நாடகமும் கேட்ட தலைமுறை எங்களுடையது. சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் நாடகமும் ஓய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வசனத்தையும் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இரண்டு குரல்கள் ஓர் அறைக்குள் இருந்து வாதாடினாலே நண்பருக்குப் போதும். வாகனங்கள் வெடிக்கத் தேவையில்லை.

அவருக்காக நான் தெரிவுசெய்தது மூன்றாம் தொகுதியின் இரண்டாவது அங்கமான ‘மறூண்ட்’. 1989 இல் வெளியானது. கருந்துளைகளைத் தவிர்ப்பதற்காகக் கப்பலை விட்டுச் சிறு கலம் ஒன்றில் வெளியேறும் லிஸ்ரரும் றிம்மரும் பனி மூடிய கோள் ஒன்றில் விழுந்து சிக்கிக்கொள்கிறார்கள். வெளியே பனிப்புயல், உள்ளே உணவு என்று சொல்ல ஒரு தகரம் நாயுணவும் ஒரு கோப்பை நூடில்ஸும் போன்ற சிலவே. குளிருக்கு எரிப்பதற்கு எதையாவது தேடியாகவேண்டும். அங்கத்தின் பெரும்பகுதி இந்த இருவரின் உரையாடலாகவே செல்கிறது.

இதைத் தெரிவுசெய்ததற்கு எனக்குப் பல காரணங்கள் இருந்தன. தொடரின் அச்சாணியே லிஸ்ரருக்கும் றிம்மருக்கும் இடையிலான ஒவ்வாமைதான். மற்றைய பாத்திரங்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும் இந்த அங்கம், அதை எவ்வித முன்னறிவும் இல்லாதவருக்கும் அரை மணித்தியாலத்தில் விளங்கவைத்துவிடுகிறது. விஞ்ஞானப் புனைவு என்று புரிந்துகொள்ளவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: றிம்மர் இறந்துபோனவன், அவன் ஒளியால் ஆனவன், எதையும் தொட முடியாதவன், பசியோ குளிரோ அவனுக்கு இல்லை. பசித்திருப்பவன் ஒருவன், பசியே அறியாமல் பக்கத்தில் இருந்து விதிமுறை பேசுபவன் இன்னொருவன். இதில் சிரிப்பதற்கு ஆங்கிலச் சொல்விளையாட்டு எதுவும் தேவைப்படுவதில்லை. நண்பரின் தொழிலும் என் நினைவில் இருந்தது. இந்த இருவரும் விண்வெளி வீரர்களோ விஞ்ஞானிகளோ அல்லர். கப்பலில் உள்ள உணவு இயந்திரங்களைத் திருத்தும் கடைநிலைத் தொழிலாளிகள். அவர்களில் றிம்மர் லிஸ்ரரைவிட ஒரே ஒரு படி மேலே உள்ளவன். அந்த ஒரு படியை ஒருபோதும் மறக்கவிடாதவன். கராச்சில் வேலை செய்த எவரும் ஒரு றிம்மரையாவது சந்தித்திருப்பார்கள்.

போடுவதற்கு முன் நான் சொன்னது மேலே எழுதிய கதைச்சுருக்கத்தில் இரண்டு வசனங்கள் மட்டுமே. இதைவிடக் கூடுதலாகச் சொல்லும் ஆசை எழத்தான் செய்யும். “இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் தெரியுமா, முன்னம் ஒருதரம்...” என்று தொடங்கிவிட்டால், பார்க்கிறவர் திரையை விட்டு எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சிரிக்கவேண்டிய இடம் நெருங்கும்போது திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பதும் அதே அளவு தொல்லைதான். அவருக்கு அது பரீட்சை போலாகிவிடும். நான் சுவரோடு சாய்ந்து அவருக்குச் சற்றுப் பின்னால் இருந்துகொண்டேன்.

நண்பர் முதல் சில நிமிடங்கள் எதுவும் பேசவில்லை. பிறகு, “மச்சான், இவன் செத்தாப் பிறகும் சட்டம் கதைக்கிறானடா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு என் கவலை தீர்ந்தது. றிம்மரைப் பற்றி இதற்கு மேல் விளங்கவேண்டியது எதுவும் இல்லை. நாயுணவுக் காட்சியில் வெளிப்படையாகவே சிரித்தார். ஆனால் அவர் மனம் முழுவதையும் பிடித்துக்கொண்டது, எரிப்பதற்குப் பொருட்களைத் தெரிவுசெய்யும் பகுதி. (இந்த அங்கத்தைப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிச் செல்லலாம்.)

லிஸ்ரருக்குத் தன் கிற்றாரை எரிக்க மனம் வருவதில்லை. றிம்மருக்குத் தெரியாமல், அவனுடைய கற்பூரமரப் பெட்டியிலிருந்து கிற்றாரின் வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, அதையே கிற்றார் என்று நம்பவைத்து எரிக்கிறான். அந்தப் பெட்டியோ றிம்மருக்குத் தகப்பன் கொடுத்தது. உண்மை அறியாத றிம்மர், லிஸ்ரரின் தியாகத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்து, தான் பொக்கிஷமாகப் பாதுகாத்த நெப்போலியன் படையின் பொம்மை வீரர்களை எரிக்க முன்வருகிறான். நான் இதை லிஸ்ரரின் கெட்டித்தனமாகவே எப்போதும் பார்த்துச் சிரித்து வந்தவன். நண்பர் முழுக்க முழுக்க றிம்மரின் பக்கம் நின்றார். 2009 இல் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர் அவர். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதில் எதை அடுத்த இடத்தில் இறக்கிவிட்டுப் போவது என்று ஒவ்வொரு தங்குமிடத்திலும் முடிவெடுத்தவர். “பெட்டியை விட்டிட்டு வாறது வேற, ஒருத்தன்ர பெட்டியை இன்னொருத்தன் அவனுக்குத் தெரியாமல் அறுக்கிறது வேற” என்பது அவர் வாதம். உயிர் போகும் குளிரில் மரம் யாருடையது என்று பார்க்க முடியுமா என்று நான் கேட்க, கேட்டு வாங்கி எரித்திருக்கலாமே என்று அவர் சொல்ல, அங்கம் முடிந்தபின்னும் தேநீர் இரண்டு முறை வந்துபோகும் வரையில் அந்த வழக்கு தொடர்ந்தது. அறிமுகம் வெற்றிபெற்றதா என்பதை அறிவதற்குச் சிரிப்பை எண்ணுவதைவிட இது நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். பாத்திரங்களை உண்மையான ஆட்களாக ஏற்றுக்கொண்டால்தான் ஒருவருக்காக வழக்காட வரும்.

நடைமுறை சார்ந்த சில விடயங்களையும் சொல்லவேண்டும். ‘மறூண்ட்’ அங்கத்தில் இருவரும் தங்கள் முதல் பாலுறவு அனுபவங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. நான் அதை நண்பரோடு தனியே இருந்து பார்த்தேன். அம்மாவோ பிள்ளைகளோ இருக்கும் கூடத்தில் அதைப் போட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்க்கவேண்டிய நிலைமை வரும். ‘பொலிமோர்ஃப்’ என்ற அங்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உணர்ச்சிகளை உறிஞ்சிக் குடிக்கும் பிராணி ஒன்று லிஸ்ரரின் பயத்தையும் றிம்மரின் கோபத்தையும் எடுத்துக்கொண்டுவிடும் அந்தக் கதை கற்பனையில் சிறந்தது என்றாலும், குடும்பத்தோடு இருந்து பார்க்கத்தக்கதன்று.

ஆங்கில வசனவரிகளைக் கட்டாயம் ஓடவிடவேண்டும். லிஸ்ரராக நடிக்கும் கிறெய்க் சார்ள்ஸ் லிவர்பூலைச் சேர்ந்தவர். அந்த உச்சரிப்பு, கட்டாரில் இந்தியரோடும் பிலிப்பினோக்களோடும் ஆங்கிலம் பேசிப் பழகியவர் காதுக்கு உடனே பிடிபடாது. பின்னணியில் கேட்கும் பார்வையாளர் சிரிப்பொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. எங்களவர்கள் அதை “சும்மா சேர்த்த சிரிப்பு” என்று முகம் சுளிப்பதுண்டு. இத்தொடரின் முதல் ஆறு தொகுதிகளும் கலையகத்தில் பார்வையாளர்களை இருத்தி எடுக்கப்பட்டவை என்று சொன்னதும், மேடை நாடகம் பார்த்து வளர்ந்த நண்பருக்கு அது உறுத்தாமல் போய்விட்டது.

வேளையைத் தெரிவதும் முக்கியம். காலபோக அறுவடை நடக்கும் மாதங்களில் உழவு இயந்திரம் திருத்துகிற ஒருவரை அழைத்து இருத்தினால் அவர் காது திரையில் இருக்காது, கைபேசியில்தான் இருக்கும். நாங்கள் இருவரும் பார்க்கத் தொடங்கியது 2022 ஆம் ஆண்டு, நாடு முழுவதும் மின்வெட்டு அட்டவணைப்படி நடந்துகொண்டிருந்த நாட்களில். இருட்டில் அவருக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. மடிக்கணினியின் மின்கலம் ஓர் அங்கத்துக்குத் தாராளமாகப் போதும். இன்னொன்றையும் பார்ப்போம் என்று அவர் கேட்டபோது நான் உடன்படவில்லை. மின்கலம் ஒரு காரணம். பசி முழுவதும் ஆறாமல் எழுந்து போகவிடுவதே நல்லது என்பது மற்றைய காரணம்.

எல்லோருக்கும் ‘மறூண்ட்’ பொருந்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நண்பரின் அக்காவின் பிள்ளைகளுக்கு நான் காட்டியது மூன்றாம் தொகுதியின் முதல் அங்கமான ‘பாக்வேர்ட்ஸ்’. காலம் பின்னோக்கி ஓடும் பூமி ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறார்கள்: குடிக்கக் குடிக்கக் குவளை நிரம்புகிறது, மதுச்சாலைச் சண்டையில் அடிபட அடிபடக் காயம் ஆறுகிறது. அந்தப் பூமியில் உள்ளவர்கள் பேசுவதும் தலைகீழாகவே ஒலிப்பதால், அந்த இடங்களில் ஆங்கிலம் தெரிந்த நானும் தெரியாத பிள்ளைகளும் சமமாகிவிட்டோம். கடைசிப் பையன் அடுத்தநாள் முழுவதும் பின்பக்கமாகவே நடந்து திரிந்ததாகக் கேள்வி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டபோது இரண்டாம் தொகுதியின் ‘குவீக்’ அங்கத்தைப் போட்டேன். மறதியும் சோம்பலும் மிகுந்த ஹொலியை அகற்றிவிட்டுக் கண்டிப்பான மாற்றுக் கணினி ஒன்று பொறுப்பெடுத்து, வேலை செய்தால்தான் சாப்பாடு என்று எல்லோரையும் ஓட ஓட விரட்டுகிறது. புதிய அதிபர் வந்த முதல் வாரத்தை அனுபவித்த எவருக்கும் அதன் நகைச்சுவை விளங்கும். முடிவை இங்கே சொல்லிவிடுவது அறமாகாது. சர்வதேச எமி விருது பெற்ற ‘கன்மென் ஒஃப் த அப்போகலிப்ஸ்’ அங்கத்தை முதலில் காட்டலாமா என்றும் யோசித்ததுண்டு. தமிழ்ப் படங்களிலேயே தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்தவர்களைப் பார்த்த தலைமுறைக்கு மேற்கத்தியக் களம் ஒன்றும் புதிதன்று. ஆயினும் அது ஆறாம் தொகுதி. பாத்திரங்கள் அப்போது தாய்க்கப்பலையே தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்; கதையோ கிறைற்றனின் கனவுக்குள் நடக்கிறது. கப்பலைக் காணாதவருக்குக் கப்பல் தொலைந்த கவலை எங்கிருந்து வரும்? அதை நான் பிந்திய வாரங்களுக்கு ஒதுக்கிவைத்தேன்.

நண்பரைப் பொறுத்தவரையில் ‘மறூண்ட்’ அங்கத்துக்குப் பின் ‘குவீக்’, அதற்குப் பின்னரே ‘த எண்ட்’ என்ற வரிசையில் போனோம். முதல் அங்கத்தை மூன்றாவதாகப் பார்த்தபோது, உயிரோடிருக்கும் றிம்மர் பரீட்சைக்குப் போகும் காட்சியில், பழைய அயலவன் ஒருவனின் இளமைக்காலப் படத்தைப் பார்ப்பதுபோல அவர் முன்னால் சாய்ந்து இருந்து பார்த்தார். சாம்பல் நிறச் சுவர்களைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. அதன்பின் என் தெரிவு அவருக்குத் தேவைப்படவில்லை. கோப்புகளைத் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் பார்த்து முடித்து, கடைசியாக ‘பாக் ரு றியாலிற்றி’ அங்கத்துக்கும் வந்து சேர்ந்தார். பல் துருத்திய பூனையைக் கண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம். றிம்மர் விடைபெற்றுப் போய்விடும் ஏழாம் தொகுதியை மட்டும் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மிச்சத்தையும் பாரடா என்று நான் எவ்வளவோ சொல்லியும், “அவன் இல்லாத கப்பலில எனக்கென்ன வேலை” என்கிறார்.